பைக் ஜம்ப்புக்கு மண் ரேம்ப்: இறங்கும் பக்கத்தில் இருந்து கட்டத் தொடங்குங்கள்

முதல் தடவை மண் ரேம்ப் கட்டும் எல்லோருக்கும் ஏறும் பக்கத்தின் மேல்தான் கண். மண்ணைக் கொட்டி, ஒரு பக்கம் சரித்து, மண்வெட்டியால் தட்டி, மறுநாளே பைக்கை எடுத்து வந்துவிடுவார்கள். பைக் மேலே போவதற்கு அது போதும், பலகையைச் சாய்த்து வைத்தால்கூட மேலே போகும். எங்கே, எந்தச் சரிவில் இறங்குகிறது என்பதுதான் விஷயம். அதனால் இந்தக் குறிப்பு முழுவதும் இறங்குசரிவைத்தான் சுற்றிச் சுற்றி வரும். ஏறும் பக்கத்துக்குப் போவதைவிட அதிக மண் அந்தப் பக்கம்தான் போகவேண்டும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை ஜம்ப் என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. டேபிள்டாப் கட்டுங்கள். ஏறுசரிவு, நடுவில் தட்டையான மேடை, அப்புறம் இறங்குசரிவு, மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே மேடாக இருக்கும். வேகம் குறைந்து தூரம் போதாமல் போனால் மேடையின் மேல் விழுவீர்கள், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். நடுவில் பள்ளம் விட்டு இரண்டு மேடாகக் கட்டும் டபுளில் தூரம் போதவில்லை என்றால் எதிர் மேட்டின் நெற்றியில் முன்சக்கரம் போய் மோதும். மண் மிச்சம் ஆகிறதே என்று முதல் ஜம்ப்பை டபுளாகக் கட்டுவது வேண்டாத வேலை.

இடம்

நிலம் உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உங்களுடையதே என்றாலும் அடியில் தண்ணீர்க் குழாயோ கேபிளோ போகிறதா, தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஜம்ப்புக்கு முன்னால் ஒரே நேர்கோட்டில் 30 மீட்டராவது ஓடுதளம், இறங்கிய பிறகு அதே அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மரம், வேலி, கல், பள்ளம் எதுவும் கூடாது, பக்கவாட்டிலும் கொஞ்ச தூரத்துக்குக் கூடாது. கோணலாகப் பறக்கும் பைக் கோட்டுக்குள்தான் விழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முடிந்தால் ஜம்ப்பை வடக்கு தெற்காக அமையுங்கள். காலையிலும் மாலையிலும்தான் எல்லோரும் ஓட்டுவார்கள், அந்த நேரத்தில் கிழக்கு மேற்கு ஜம்ப் என்றால் ஏறுசரிவு முடியும் விளிம்பில் ஏறும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். இன்னொன்று, நிலத்தில் இயற்கையாகவே ஒரு சரிவு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அந்தச் சரிவையே இறங்குசரிவாக வைத்துக்கொண்டு அதன் தலையில் மேடையையும் ஏறுசரிவையும் மட்டும் கட்டினால் மண் பெருமளவு மிச்சம், இறங்குசரிவும் நீங்கள் கட்டக்கூடிய எதையும்விட நீளமாகக் கிடைக்கும்.

அளவும் கணக்கும்

சமதளத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டு ஒரு அளவு சொல்கிறேன். உயரம் 1 மீட்டர், விளிம்பில் கோணம் 20 டிகிரி, ஏறுசரிவின் நீளம் சுமார் 4 மீட்டர், மேடை 4 மீட்டர், இறங்குசரிவு 7 மீட்டர். ஏறும் பக்கத்தில் அகலம் 3 மீட்டர், இறங்கும் பக்கத்தில் 4 மீட்டர். மண்ணில் ஓரளவு நின்றுகொண்டு ஓட்டிப் பழகியவருக்கு, முழு அளவு மோட்டோகிராஸ் பைக்குக்கு, அதாவது மண்பாதைப் பந்தய பைக்குக்கு, இது சரியாக இருக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பறக்கும் தூரத்துக்குப் பள்ளியில் படித்த சூத்திரம்தான்: வேகத்தின் வர்க்கத்தை, கோணத்தின் இருமடங்கின் சைன் மதிப்பால் பெருக்கி, 9.81 ஆல் வகுக்கவேண்டும், வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில். 20 டிகிரி விளிம்பில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே உயரத்துக்குத் திரும்பி வரும்போது 2 மீட்டர் தாண்டியிருப்பீர்கள். 30 கிலோமீட்டரில் நாலரை மீட்டர். 40 கிலோமீட்டரில் 8 மீட்டர். 30க்கும் 40க்கும் இடையில் த்ராட்டிலில் ஒரு சின்னத் திருகல்தான், ஆனால் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆகிவிடுகிறது. காற்றுத் தடையும் சஸ்பென்ஷன் தரும் உந்தலும் இந்தக் கணக்கில் இல்லை, அதனால் மில்லிமீட்டர் சுத்தமாக நம்பவேண்டாம், ஒரு மதிப்பீட்டுக்கு இது போதும்.

இறங்குசரிவை ஏன் 7 மீட்டர் என்று சொன்னேன் என்பதும் இதிலேயே இருக்கிறது. 30 கிலோமீட்டரில் வந்தால் மேடையைத் தாண்டி சரிவில் ஒரு மீட்டர் அளவுக்குள் அழகாக இறங்குவீர்கள். யாராவது ஒருவர் உற்சாகத்தில் 40இல் வருவார், நிச்சயம் வருவார். சரிவு 5 மீட்டர்தான் என்றால் அவர் அதையும் தாண்டிச் சமதளத்தில் போய் விழுவார். அந்த வேகத்தில் பறக்கும்போது உச்சி, விளிம்புக்கு மேல் முக்கால் மீட்டர் இருக்கும், அதோடு ரேம்ப்பின் 1 மீட்டரும் சேர்ந்தால் ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்து செங்குத்தாகத் தரையில் விழும் அடிக்குச் சமம். அதே ஆள் 7 மீட்டர் சரிவின் கடைசிப் பகுதியில் இறங்கினால் அந்த அடி பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் தரையும் அவரோடு சேர்ந்து கீழே போகிறது. இரண்டு மீட்டர் கூடுதல் மண் ஒருவருடைய மணிக்கட்டையும் கணுக்காலையும் காப்பாற்றுகிறது. ஏறுசரிவை இன்னும் உயர்த்தலாமா என்று கை அரிக்கும்போது அந்த மண்ணை எடுத்து இந்தப் பக்கம் போடுங்கள்.

மேடையும் இறங்குசரிவும் சேரும் மடிப்பை மட்டும் கூர்மையாக விடாமல் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். தூரம் சற்றே குறைந்து பின்சக்கரம் அங்கே தட்டினால் கூர்மையான மடிப்பு பின்பக்கத்தை மேலே தூக்கிவிடும்.

மண் எவ்வளவு? மேலே சொன்ன அளவுக்குப் பக்கச் சரிவுகளையும் சேர்த்தால் இறுகிய மண் சுமார் 40 கன மீட்டர் வரும். உதிரியாகக் கொட்டும் மண் இறுகும்போது அமுங்கும், அதனால் கால் பங்கு கூடுதலாக, 50 கன மீட்டர் வேண்டும். 5 கன மீட்டர் பிடிக்கும் டிப்பர் என்றால் 10 லோடு. தள்ளுவண்டியில் 80 லிட்டர் மண் பிடிக்கும் என்றால் 600 நடைக்கு மேல். நண்பர்கள் மூன்று பேர் மண்வெட்டியோடு வந்தால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், இறுகிய நிலையில் அது 70 டன் அளவுக்கான மண். ஜேசிபி ஒன்றை ஒரு நாளைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கையால்தான் கட்டவேண்டும் என்றால் உயரத்தையும் நீளங்களையும் பாதியாக்குங்கள், விளிம்புக் கோணத்தை 15 டிகிரிக்குக் குறையுங்கள், மண் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். பழகுவதற்கு அதுவே நல்ல ஜம்ப்.

மண்

மணல் இறுகாது. முழுக் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். இரண்டும் கலந்த, கொஞ்சம் வண்டலும் உள்ள மண்தான் வேண்டும். சோதிக்க, ஒரு கைப்பிடி ஈரமண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் அழுத்தினால் சில துண்டுகளாக உடையவேண்டும். பிடிக்கும்போதே தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம், பொடியாக உதிர்ந்தால் போதவில்லை. என்ன மண் என்று இன்னும் தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் கண்ணாடி பாட்டிலில் பாதி மண்ணும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் முதலில் படியும், அதன் மேல் வண்டல், கடைசியாகக் களி. மூன்று அடுக்கும் எவ்வளவு தடிமன் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

புல், வேர், இலை, மட்கிய மேல்மண் எதையும் உள்ளே விடாதீர்கள், அவை மட்கும்போது மேடு உள்ளிருந்தே அமுங்கும். ரேம்ப் வரும் இடத்திலும் மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்து வையுங்கள், கடைசியில் பக்கச் சரிவுகளின் மேல் போர்த்திப் புல் வளர்க்க உதவும். பழைய டயர், மரத்துண்டு, கட்டட இடிபாடு ஆகியவற்றை உள்ளே போட்டு மண்ணை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அவற்றுக்கு நடுவில் காலி இடம் நிற்கும், மழையில் மேல்மண் அதற்குள் இறங்கும், ஒரு நாள் ஏறுசரிவில் சக்கர அகலத்துக்கு ஒரு குழி இருக்கும், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கவும் வாய்ப்பு உண்டு. ரேம்ப்புக்குள் மண்ணைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது.

மண்ணை அங்கேயே தோண்டி எடுப்பதாக இருந்தால் குழி ஓடுதளத்திலும் இறங்கி ஓடும் பாதையிலும் பக்கத்திலும் இல்லாமல் தள்ளி இருக்கட்டும். மழை பெய்தால் அது குளம் ஆகிவிடும்.

கட்டும் விதம்

முதலில் தரையில் ஆணி அடித்துக் கயிறு கட்டி நடுக்கோட்டையும் இரண்டு ஓரங்களையும் குறியுங்கள். ஏறுசரிவின் நடுக்கோடும் இறங்குசரிவின் நடுக்கோடும் ஒரே கயிற்றில் இருக்கவேண்டும், கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் மண்ணை இறங்கும் பக்கத்தில் கொட்டத் தொடங்குங்கள். மண் பாதியிலேயே தீர்ந்துபோனால் இறங்குசரிவு முழுதாக இருக்கும், ஏறுசரிவுதான் குட்டையாகும். குட்டையான ஏறுசரிவோடு நீளமான இறங்குசரிவு இருந்தால் ஓட்டலாம், மேடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். தலைகீழாக இருந்தால் ஓட்ட முடியாது.

15 செண்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளிப்பு, இறுக்கல், அடுத்த அடுக்கு. இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மீட்டர் மண்ணையும் மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் மேலோடு கெட்டியாகவும் உள்ளே உதிரியாகவும் இருக்கும், முதல் மழையில் உட்கார்ந்துவிடும். மண்ணைத் தட்டி இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஜேசிபியையோ ட்ராக்டரையோ மேலே ஏற்றி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஓரங்களையும் சக்கரம் எட்டாத இடங்களையும் திமிசுக்கட்டையால் இடியுங்கள். நன்றாக இறுகிய அடுக்கில் குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் லேசாகத்தான் விழும்.

ரேம்ப்பைச் சரியான அளவுக்கு மட்டும் கட்டாமல் எல்லாப் பக்கமும் 20, 30 செண்டிமீட்டர் கூடுதலாகக் கட்டி இறுக்கிவிட்டு, அப்புறம் மண்வெட்டியால் செதுக்கி உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். இது முக்கியம், குறிப்பாக விளிம்புக்கு. விளிம்பு என்பது ரேம்ப்பின் ஓரம், ஓரத்தில் மண் ஒருபோதும் உள்ளே இறுகுவதுபோல் இறுகாது. கூடுதலாகக் கட்டிச் செதுக்கினால் அந்த உதிரி ஓரம் வெட்டுப்பட்டுப் போய் உள்ளே இருக்கும் கெட்டி மண்ணே விளிம்பாக நிற்கும். செதுக்கிய மண் வீண் இல்லை, இறங்குசரிவின் கடைசியில் தரையோடு கலக்கும் இடத்தில் போட்டு இறுக்குங்கள், நீளம் இன்னும் கூடும்.

ஏறுசரிவின் வடிவத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அடியில் தரையிலிருந்து மெல்ல வளைந்து எழவேண்டும், சுமார் 8 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. ஒரு ஆணியில் 8 மீட்டர் கயிறு கட்டிச் சமதரையில் ஒரு வில் வரைந்து பார்த்தால் அந்த வளைவு எவ்வளவு மெதுவானது என்று புரியும், அந்த வில்லில் ஒரு பலகையை வெட்டி வைத்துக்கொண்டால் ஏறுசரிவில் வைத்துவைத்துச் சரிபார்க்கலாம். இந்த ஆரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் சஸ்பென்ஷனின் மேல் உங்கள் எடையும் பைக் எடையும் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு கூடுதலாக அழுத்தும், அது தாங்கக்கூடியது. ஆரத்தைப் பாதியாக்கினால் அந்தக் கூடுதல் சுமை இரண்டு மடங்காகும், ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கி, விளிம்பை விட்டு வெளியேறும் நேரம் பார்த்துத் திரும்ப விரியும், பின்சக்கரம் மேலே உதைக்கப்பட்டு முன்பக்கம் கவிழப் பார்க்கும்.

அதனால் வளைவை விளிம்புவரை கொண்டுபோகாதீர்கள். கடைசி ஒன்றரை மீட்டர் நேரான சரிவாக, 20 டிகிரியில், வளைவே இல்லாமல் இருக்கட்டும். முழு அளவு மோட்டோகிராஸ் பைக்கின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆக இரண்டு சக்கரங்களும் ஒரே கோணத்தில் நின்று சஸ்பென்ஷன் அமைதியான பிறகு பைக் பறக்கும். மேலே சொன்ன 8 மீட்டர் ஆரத்தில் வளைந்து 20 டிகிரிக்கு வரும்போது உயரம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், மீதி அரை மீட்டர் இந்த நேர்ப்பகுதியில் ஏறிவிடும், கணக்கு சரியாகப் பொருந்துகிறது. கோணத்தைப் பார்க்க நீளமான பலகையைச் சரிவில் வைத்து அதன் மேல் போனை வையுங்கள், சாய்வு காட்டும் ஆப் எல்லா போனிலும் கிடைக்கும். விளிம்பின் அகலத்தில் இடமிருந்து வலம் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பைக் அந்தப் பக்கமாகச் சாய்ந்துதான் கிளம்பும்.

தண்ணீர் வடிய வழி வேண்டும். மேடையின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சிறிது உயர்ந்து இருக்கட்டும், இரண்டு பக்கமும் வழிந்துவிடும். ஏறுசரிவு தரையைத் தொடும் இடத்தில்தான் தண்ணீர் தேங்கப் பார்க்கும். அங்கே பக்கவாட்டில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோங்கள், ஆனால் வாய்க்கால் ஓடுதளத்தின் குறுக்கே வரக்கூடாது.

கட்டி முடித்ததும் கை துறுதுறுக்கும். சில நாள் விடுங்கள். காலையிலும் மாலையிலும் லேசாகத் தண்ணீர் தெளித்து, மறுபடி ஒருமுறை இறுக்கி, வெடிப்பு வந்த இடத்தை ஈரமண்ணால் அடைத்துத் தட்டுங்கள்.

முதல் ஓட்டம்

முதலில் பறக்காமல் ஏறி இறங்குங்கள், மெதுவாக, பலமுறை. மண் எங்காவது அமுங்குகிறதா, சக்கரம் எங்காவது இழுக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் வேகம். மோட்டோகிராஸ் பைக்குகளில் ஸ்பீடோமீட்டர் இருக்காது, அதனால் ஓடுதளத்தில் ரேம்ப்புக்கு முன்னால் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். 10 மீட்டரை 1.2 நொடியில் கடந்தால் 30 கிலோமீட்டர், 0.9 நொடி என்றால் 40. எந்த இடத்தில் கிளம்பி எந்த கியரில் வந்தால் 1.2 நொடி வருகிறது என்று ஜம்ப்பை ஒட்டிப் பக்கத்துத் தரையில் ஓட்டியே கண்டுபிடித்துவிடலாம், அந்த இடத்தில் ஒரு கொடி நட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேகத்தை ஊகிக்கவேண்டியதில்லை.

ஓட்டும் முறையைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, ஒன்றிரண்டு மட்டும். கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்கால் தளர்வாக, எடை நடுவில். ஏறுசரிவில் த்ராட்டில் ஒரே சீராக இருக்கட்டும். பயத்தில் விளிம்புக்கு முன்னால் த்ராட்டிலை மூடினால் முன்பக்கம் தாழும், ஜம்ப்பில் வரும் மோசமான விழுதல்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. வேகம் பிடிக்கவில்லை என்றால் ஏறுசரிவுக்கு வெகு முன்னாலேயே ஒதுங்கிவிடுங்கள், சரிவில் ஏறிய பிறகு மனதை மாற்றக்கூடாது. காற்றில் இருக்கும்போது முன்பக்கம் தூக்கினால் பின் பிரேக்கைத் தொட்டால் தாழும், தாழ்ந்தால் த்ராட்டிலைத் திறந்தால் கொஞ்சம் எழும். சுழலும் பின்சக்கரம் நிற்கும்போதும் வேகமெடுக்கும்போதும் பைக்கின் உடலை எதிர்வினையாகத் திருப்புவதால் வரும் விளைவு இது. கிளச் பிடித்திருந்தால் த்ராட்டில் எதுவும் செய்யாது என்பதை மறக்கவேண்டாம்.

ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம், மோட்டோகிராஸ் பூட்ஸ், இவை இல்லாமல் ஓட்டுபவரை உங்கள் ரேம்ப்பில் ஏற விடாதீர்கள். தனியாக ஓட்டாதீர்கள். ஏறும் பக்கத்திலிருந்து பார்த்தால் இறங்குசரிவு தெரியாது, அங்கே யாராவது விழுந்து கிடந்தால் அடுத்தவர் அவர் மேலேயே இறங்குவார். அதனால் மேடையின் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி ஒருவர் கொடியோடு நிற்கவேண்டும், அவர் கொடி காட்டினால்தான் அடுத்த பைக். குறுக்குக் காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

ரேம்ப் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் ஏறுசரிவில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும், காய்ந்தால் தண்டவாளம் மாதிரி அடுத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகும். மழைக்கு முன்னால் ஏறுசரிவையும் விளிம்பையும் தார்ப்பாயால் மூடி ஓரங்களில் கனமாக எதையாவது வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம், ஆனால் ஓட்டும் முன் தார்ப்பாயை முழுதாக எடுத்துச் சுருட்டி அப்பால் வையுங்கள், சும்மா ஓரமாக மடித்துவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேய்வது மூன்று இடங்கள். ஏறுசரிவின் அடியில், எல்லோரும் த்ராட்டில் கொடுக்கும் இடத்தில், பின்சக்கரம் தோண்டிக் குழி விழும். அது ஆழமானால் பைக்கை அடியிலேயே ஒரு குலுக்குக் குலுக்கி அனுப்பும், அதே நிலையில் விளிம்புக்குப் போவீர்கள். அடுத்தது விளிம்பு, அது உருண்டு தேயும்போது பறக்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வேகத்தைக் கூட்டி ஈடுகட்டத் தோன்றும், அப்படிச் செய்யாமல் விளிம்பைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது, இறங்குசரிவில் எல்லோரும் வந்து விழும் அந்த ஒரே இடம், அங்கே பள்ளமும் அதற்குக் கீழே மேடும் உருவாகும். மூன்றையும் சரிசெய்யும் முறை ஒன்றுதான்: தேய்ந்த இடத்தின் மேல் அப்படியே புதுமண்ணை அப்பினால் தகடாகப் பெயர்ந்து வந்துவிடும், அதனால் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, தண்ணீர் தெளித்து, பழைய மண்ணோடு புதுமண்ணைக் கலந்து இடித்து, கொஞ்சம் தூக்கலாக விட்டு, மறுநாள் செதுக்குங்கள். செதுக்கியதும் பலகையும் போனும் எடுத்துக் கோணத்தை மறுபடி பாருங்கள், ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் விளிம்பு ஒன்றிரண்டு டிகிரி செங்குத்தாகிக்கொண்டே போவது வழக்கம்.